ஆர்டர் எந்த மொழியோ, பில்லும் அந்த மொழி

கேள்வி சுருக்கமாக இது: புதுச்சேரியில் கைத்தறிச் சேலை, துண்டு, துணிப்பை விற்கும் ஒரு சின்ன ஆன்லைன் கடை. வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் வூகாமர்ஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. தளம் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என மூன்று மொழிகளில் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் பாண்டியிலும் தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பாரிஸிலும், இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவிலும்கூட இருக்கிறார்கள். ஆனால் பில் மட்டும் எல்லோருக்கும் ஒரே மொழியில் போகிறது. தமிழில் போட்டுப் பார்த்தால் எழுத்து உடைகிறது. அவரவர் மொழியில் பில் போக என்ன செய்ய வேண்டும், ஜிஎஸ்டி பக்கம் ஏதாவது வில்லங்கம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால்தான் எதை மொழிபெயர்ப்பது, எதை விட்டுவைப்பது என்று தெரியும்.

பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை மத்திய ஜிஎஸ்டி விதிகளின் 46ஆம் விதி வரிசையாகச் சொல்கிறது: உங்கள் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், பில்லின் தொடர் எண், தேதி, பொருளின் விவரம், பொருளின் வகையைச் சொல்லும் எச்எஸ்என் குறியீடு, வரிக்கு முந்தைய மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை, இப்படி. எந்த மொழியில் என்று அந்த விதி எதுவும் சொல்வதில்லை. ஆகவே தமிழ் பில் தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தப் பில்லை வாடிக்கையாளர் மட்டுமா படிக்கிறார்? உங்கள் ஆடிட்டர், கூரியர்காரர், வெளிநாட்டுக்குப் போனால் சுங்கத்துறை, பணம் திரும்பக் கேட்டால் வங்கி, என்றாவது ஒருநாள் வரி அலுவலர் என்று அது பல கைகளுக்குப் போகும் காகிதம். அதனால் முழுக்கத் தமிழில் ஒன்று, முழுக்கப் பிரெஞ்சில் ஒன்று என்று தனித்தனியாகப் போடாதீர்கள் என்பதுதான் என் யோசனை. டெம்ப்ளேட் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு தலைப்பும் வாடிக்கையாளர் மொழியில் பெரிதாக, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் சின்னதாக. ஆங்கில ஆர்டர் என்றால் ஆங்கிலம் மட்டும். பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும்; பழைய பாண்டிச்சேரித் தெருப்பெயர்ப் பலகைகள் இரண்டு மொழியில் இருப்பதைப் பார்த்து வளர்ந்த உங்கள் ஊருக்கு இது புதிதும் இல்லை.

சில விஷயங்களை எந்த மொழியிலும் மொழிபெயர்க்கவே கூடாது. ஜிஎஸ்டி எண், பில் எண், எச்எஸ்என் குறியீடு, பிறகு சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு), ஐஜிஎஸ்டி (மாநிலமோ நாடோ தாண்டும் விற்பனைக்கு) என்ற வரிப் பெயர்கள். இவை ஆங்கில எழுத்தில் அப்படியே இருக்கட்டும். எச்எஸ்என் குறியீட்டின் முதல் ஆறு இலக்கம் உலக சுங்க அமைப்பின் பொது வகைப்பாடு. பாண்டியில் எழுதிய எண்ணை ரீயூனியன் சுங்கத்தில் இருப்பவரும் அதே பொருளாகத்தான் படிப்பார். எந்த மொழிபெயர்ப்பாளராலும் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. ஏற்றுமதி பில்லில் இன்னொன்று உண்டு. ஐஜிஎஸ்டி கட்டி அனுப்புகிறீர்களா, எல்யூடி என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து வரி கட்டாமல் அனுப்புகிறீர்களா என்பதைச் சொல்லும் ஒரு வாசகத்தை 46ஆம் விதியே எழுதிக் கொடுத்திருக்கிறது. அதை விதியில் உள்ளபடி ஆங்கிலத்திலேயே வையுங்கள். பக்கத்தில் பிரெஞ்சு விளக்கம் சேர்ப்பது உங்கள் விருப்பம்; அதன் இடத்தில் பிரெஞ்சை வைக்காதீர்கள்.

பிரெஞ்சில் ஒரு பொறி இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் டெம்ப்ளேட்டைக் கொடுத்தால், வரி என்று வருகிற இடத்திலெல்லாம் கைப்பழக்கத்தில் ‘டிவிஏ’ என்று போட்டுவிடுவார். பிரான்ஸில் மதிப்புக்கூட்டு வரிக்கு அதுதான் பெயர். ஆனால் உங்கள் பில்லில் இருப்பது இந்திய ஜிஎஸ்டி, அல்லது ஏற்றுமதி என்பதால் பூஜ்யம். ‘டிவிஏ’ என்று அச்சிட்டால், பிரெஞ்சு வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று வாடிக்கையாளர் நினைப்பார். பார்சல் வாசலுக்கு வந்ததும் வரி கேட்டால், பிரெஞ்சில் கோபமாக ஒரு மெயில் வரும். பொதுவாக வரி என்பதற்கு ‘டாக்ஸ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லே இருக்கிறது, அதைப் போடுங்கள்.

மொழி விஷயத்தில் ஐரோப்பாவில் நம்மை விடப் பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. பெல்ஜியத்தின் ஃபிளெமிஷ் பகுதியில் இருந்த ஒரு கம்பெனி இத்தாலியக் கம்பெனிக்கு இத்தாலிய மொழியில் பில் அனுப்பியது. அந்தப் பகுதிச் சட்டப்படி பில் டச்சு மொழியில்தான் இருக்க வேண்டும், ஆகவே இந்தப் பில்லே செல்லாது என்று வாங்கியவர் வாதாடினார். வாங்கியவர் இத்தாலியர், பில்லும் இத்தாலிய மொழியில், அதைச் செல்லாது என்று சொன்னவரும் அவரே! வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போய், 2016 ஜூன் 21 அன்று, எல்லை தாண்டும் வணிகத்தில் டச்சு மட்டும்தான் என்று கட்டாயப்படுத்துவது சரக்குகளின் தடையற்ற போக்குவரத்துக்கு எதிரானது என்று தீர்ப்பானது. பிரான்ஸில் 1994இல் வந்த மொழிச் சட்டமும் பில், ரசீது இரண்டையும் பெயர் சொல்லி, பிரெஞ்சு கட்டாயம் என்கிறது. அதனால் பிரெஞ்சு வாடிக்கையாளருக்குப் பிரெஞ்சு தலைப்புகளோடு பில் அனுப்புவதை வெறும் அலங்காரமாக நினைக்காதீர்கள்.

சரி, இப்போது கடைக்குள் வருவோம். நீங்கள் எழுதியதில் ஒரு வரி கவனத்தை இழுத்தது: “தளத்தைப் பிரெஞ்சில் பார்த்து ஆர்டர் போட்டவருக்கும் தமிழில் பில் போகிறது.” இதற்குக் காரணம் அநேகமாக நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதே தப்பைச் செய்தவன்தான். ஆர்டர் விழும் நேரத்தில் தளம் பிரெஞ்சில் இருக்கிறது. மறுநாள் காலையில் நீங்கள் தமிழ் அட்மின் பக்கத்தைத் திறந்து, பொட்டலம் கட்டி, ‘முடிந்தது’ என்று அழுத்துகிறீர்கள். மெயிலும் பிடிஎஃப்பும் அந்த நொடியில்தான் உருவாகின்றன. அந்த நொடியில் தளம் எந்த மொழியில் இருந்ததோ அதே மொழியில் பில்லும் வருகிறது. வூகாமர்ஸ் தானாக அனுப்பும் வாடிக்கையாளர் மெயில்கள்கூட, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், தளத்தின் அடிப்படை மொழிக்கு மாறித்தான் போகும்.

ஆக, மொழி என்பது பில்லைப் பார்க்கிறவரோடு சேர்ந்தது கிடையாது, பட்டனை அழுத்துகிறவரோடும் சேர்ந்தது கிடையாது. அது ஆர்டரோடு ஒட்டியிருக்க வேண்டும். தளத்தைப் பன்மொழியாக்கும் பிளகின்களான (தளத்தோடு இணைக்கும் துணை மென்பொருள்கள்) டபிள்யூபிஎம்எல், வூகாமர்ஸுக்கான பாலிலாங் இரண்டுமே ஆர்டர் விழும்போது அதன் மொழியை ஆர்டருக்குள் குறித்து வைக்கின்றன. ஷாப்பிஃபை என்ற வேறு கடை மென்பொருளிலும் ஆர்டரில் வாடிக்கையாளரின் மொழி பதிவாகிறது. பில் உருவாக்கும் பிளகின் அந்தக் குறிப்பைப் படித்து, மொழியை மாற்றி, பிடிஎஃப் செய்து முடித்துவிட்டு, மறுபடி பழைய மொழிக்குத் திரும்ப வேண்டும். வேர்ட்பிரஸில் மொழியைத் தற்காலிகமாக மாற்றித் திரும்பும் வசதி 4.7 பதிப்பிலிருந்தே இருக்கிறது. பரவலாகப் பயன்படும் பில் பிளகின்களில் இந்தப் பன்மொழி வசதி பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான் வரும். வாங்குவதற்கு முன் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அட்மின் தமிழில் இருக்கும்போது நான் அழுத்தினால், பிரெஞ்சு ஆர்டருக்குப் பிரெஞ்சில் பில் வருமா?” பக்கத்தைக் காட்டும்போது மட்டும் மேலே மொழிபெயர்ப்பைப் பூசிக் கொடுக்கிற பிளகின்கள் இருக்கின்றன. அவை தளத்துக்குப் போதும். பிடிஎஃப்பும் மெயிலும் பக்கமாகத் திறக்கப்படாதவை என்பதால் அங்கே கைவிட்டுவிடும்.

ஃபோனில் ஆர்டர் எடுத்து நீங்களே அட்மினில் ஏற்றுகிறீர்கள் என்றால், அந்த ஆர்டருக்கு மொழியே இருக்காது, அல்லது உங்கள் மொழி விழுந்திருக்கும். அதற்குக் கையால் மொழியைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ரீயூனியன் வாடிக்கையாளர்கள் பலரும் வாட்ஸாப்பில்தான் ஆர்டர் போடுவார்கள் என்று நினைக்கிறேன். அங்கே தமிழ் வம்சாவளியினர் நிறையப் பேர் உண்டு. பெயர் தமிழாக இருக்கும், படிப்பதும் பேசுவதும் பிரெஞ்சு, கிரியோல். பெயரைப் பார்த்து ஆசையாகத் தமிழ் பில் அனுப்பிவிடாதீர்கள்.

இனி எழுத்து உடைவது. இதில் இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன, மருந்தும் வேறு. தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வந்தால், பிடிஎஃப்பில் இருக்கும் ஃபான்ட்டில் தமிழ் எழுத்தே இல்லை என்று அர்த்தம். நல்ல யூனிகோடு தமிழ் ஃபான்ட் ஒன்றைச் சேர்த்தால் போய்விடும். ஆனால் எழுத்தெல்லாம் தெரிகிறது, ‘கொடி’ என்பதில் ஒற்றைக்கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது என்றால், அது ஃபான்ட் கோளாறு அல்ல. யூனிகோடில் உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்தை வரைகிற மென்பொருளின் வேலை. உங்கள் பிரவுசர் அதை ஒழுங்காகச் செய்கிறது, அதனால்தான் தளத்தில் தமிழ் அழகாகத் தெரிகிறது. பல இலவச பில் பிளகின்களுக்குள் இருக்கும் டாம்பிடிஎஃப் என்ற கருவி அந்த வேலையைச் செய்வதில்லை. எத்தனை ஃபான்ட் மாற்றினாலும் கொம்பு நகராது. ஃபான்ட் மாற்றி மாற்றி நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன், நீங்கள் தொலைக்க வேண்டாம்.

இதற்கு இரண்டு வழி. சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் எம்பிடிஎஃப் என்ற கருவிக்கு மாறுங்கள். இந்திய எழுத்துகளை வரிசை மாற்றிக் காட்டும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் தமிழ் ஃபான்ட்டைச் சேர்க்கும்போது, அந்த ஃபான்ட்டுக்கு எழுத்தை வரிசை மாற்றும் ஓப்பன்டைப் அமைப்பை இயக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். பலரும் இந்த ஒரு படியை விட்டுவிட்டு எம்பிடிஎஃப்பும் சரியில்லை என்று திட்டுகிறார்கள். சொந்த சர்வர் இருந்தால் திரையில்லாமல் பின்னணியில் ஓடும் குரோம் பிரவுசரை வைத்துப் பிடிஎஃப் எடுக்கலாம். பிரவுசரில் எப்படித் தெரிகிறதோ அப்படியே காகிதத்தில் வரும், எந்த மொழிக்கும். என் மனது இரண்டாவதின் பக்கம்தான். ஆனால் மாதம் நூறு, இருநூறு பில் போடும் கடைக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

ஃபான்ட் தேர்விலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒரே பில்லில் தமிழ் இருக்கும், ஆங்கிலம் இருக்கும், பிரெஞ்சின் தலைக்குறி போட்ட எழுத்துகளும் இருக்கும், ரூபாய்க் குறியும் இருக்கும். தமிழும் லத்தீனும் சேர்த்தே வரையப்பட்ட ஃபான்ட்டாக எடுத்தால் இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே கனத்தில் நிற்கும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் மூன்றும் அப்படிப்பட்டவை, இலவசம். ரூபாய்க் குறி 2010இல்தான் அறிவிக்கப்பட்டு அதே ஆண்டில் யூனிகோடுக்குள் வந்தது. அதற்கு முந்தைய ஃபான்ட்களில் அது கேள்விக்குறியாக வரும். வரி உயரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்தில் தமிழைப் போட்டால் ‘மீ’யின் மேல்சுழி மேல்வரியில் போய் இடிக்கும்.

சோதிக்க ஒரு வரி சொல்கிறேன். இதை ஒரு பொருளின் பெயராகவே போட்டு பில் எடுங்கள்: பொன்னையா கோவை கௌரி ஸ்ரீ லக்ஷ்மி நூற்றுக்கு. இந்த ஒரு வரி ஒழுங்காக வந்துவிட்டால் உங்கள் சரக்குப் பட்டியல் முழுவதும் ஒழுங்காக வரும்.

இன்னொன்று. பழைய பொருள் பட்டியல் எங்கேயாவது பாமினியிலோ வானவில்லிலோ தட்டி வைத்திருந்தால், அதை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். அவை யூனிகோடு இல்லை. வேறு கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விடலாமா என்று கேட்டால், பொருள் விவரத்துக்கு வேண்டுமானால் முதல் படி எடுத்துக்கொள்ளலாம், பில் தலைப்புகளுக்கு வேண்டாம். மொத்தமே முப்பது சொல்தான், உட்கார்ந்து கையால் எழுதுங்கள். இலவசமாக அனுப்புகிறோம் என்பதை ‘இலவச கப்பல் போக்குவரத்து’ என்று போட்ட கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குக் கப்பல்! ‘கூரியர் கட்டணம்’ என்றால் முடிந்தது. ‘மாநிலம்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘நிலை’ என்று வருவது இன்னொரு பழைய வேடிக்கை. துணிக்கடைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. எத்தனை உருப்படி என்ற பத்திக்கு ‘அளவு’ என்று தலைப்புப் போடாதீர்கள். துணியில் அளவு என்றால் சைஸ். ‘அளவு: 2’ என்று பார்த்த வாடிக்கையாளர், எனக்கு எக்ஸ்எல் அல்லவா கேட்டேன் என்று ஃபோன் செய்வார். ‘எண்ணிக்கை’ என்று போடுங்கள், மீட்டர் கணக்கில் விற்றால் ‘மீட்டர்’ என்றே போடுங்கள்.

தலைப்புக்கு என்ன சொல் என்பதும் யோசிக்க வேண்டியதுதான். ‘விலைப்பட்டியல்’ என்று பல மென்பொருள்கள் போடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைக்குள் நுழைந்து விலைப்பட்டியல் கேட்டால் எந்தப் பொருள் என்ன விலை என்ற அட்டையைத்தான் நீட்டுவார்கள். ‘ரசீது’ என்றால் பணம் வாங்கியதற்கான சீட்டு. பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் இருக்கும் உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் ஈழத்தமிழர்களாக இருப்பார்கள், அவர்கள் அதைப் ‘பற்றுச்சீட்டு’ என்பார்கள். நான் என் டெம்ப்ளேட்டில் ‘விற்பனைப் பில்’ என்று பெரிதாகவும் கீழே சட்டத்தில் உள்ள ஆங்கிலத் தலைப்பும் வைத்திருக்கிறேன். தூய தமிழ் விரும்பிகள் முகம் சுளிக்கலாம். ஆனால் இது என்ன காகிதம் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

பெயரையும் முகவரியையும் எந்தக் காரணத்துக்காகவும் தானாக எழுத்துப்பெயர்க்க விடாதீர்கள். உங்கள் ஊரில் இது இன்னும் முக்கியம். சண்முகம் என்ற ஒரே பெயரைச் சென்னைக்காரர் ஒரு மாதிரி எழுதுவார், பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறிய பாண்டிக் குடும்பம் ஆங்கில ‘சி’யில் தொடங்கிக் கடைசியில் ஒரு ‘ஈ’ சேர்த்து எழுதும். அந்த எழுத்துக்கூட்டல்தான் அவருடைய பாஸ்போர்ட்டில் இருக்கும். பார்சல் வாங்கும்போது அடையாள அட்டையோடு அதைத்தான் ஒப்பிடுவார்கள். அவர் என்ன தட்டினாரோ அதை அப்படியே அச்சிடுங்கள். முகவரியைத் தமிழில் தட்டினார் என்றால் பில்லில் தமிழில் இருக்கட்டும். ஆனால் பெட்டியின் மேல் ஒட்டும் லேபிளுக்கு ஆங்கில எழுத்தில் முகவரி கேட்டு வாங்குங்கள். ஆர்டர் படிவத்தில் வெளிமாநிலம், வெளிநாடு என்றால் ஆங்கில எழுத்தில் தட்டவும் என்று ஒரு சிறு குறிப்பு போதும்.

எண்களில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சண்டை இல்லை, இரண்டிலும் 1,25,000.00 தான். பிரெஞ்சில் ஆயிரத்துக்கு இடைவெளி, தசமத்துக்குக் கால்புள்ளி. அந்த இடைவெளிக்கென்று ஒரு தனிக் குறுகிய எழுத்து இருக்கிறது. சில ஃபான்ட்களில் அது இல்லாமல் தொகைக்கு நடுவில் ஒரு கட்டம் வந்து நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் போட்டுவிடுங்கள். 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்ற கேள்வியே வராது. நிதியாண்டு ஏப்ரல் 1இல் மாறுகிற நாட்டில் அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம். தொகையை எழுத்தால் எழுதுவதை விட்டுவிடலாம் என்பேன். 46ஆம் விதி அதைக் கேட்கவில்லை. தமிழில் அது லேசான வேலையும் இல்லை: ஆயிரம் ‘ஆயிரத்து’ ஆக வேண்டும், நூறு ‘நூற்று’ ஆக வேண்டும், இருபதோடு ஐந்து சேர்ந்தால் ‘இருபத்தைந்து’. சாதாரண நிரல் ‘ஆயிரம் இருநூறு இருபது ஐந்து’ என்று எழுதிவிட்டுப் போய்விடும்.

பில் எண்ணுக்கு வருவோம். மொழிக்கு ஒரு வரிசை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் எதற்கு? ஒரு வாடிக்கையாளர் “ஆங்கிலத்தில் ஒரு பிரதி வேண்டும், ஆபீஸில் கொடுக்க” என்று கேட்டால், வேறு எண்ணில் இன்னொரு பில் பிறந்துவிடும், ஒரு விற்பனைக்கு இரண்டு பில். எந்த மொழியானாலும் எண் ஒன்றே. 16 எழுத்துக்குள், நிதியாண்டுக்குள் திரும்ப வராத எண்ணாக இருக்க வேண்டும். எழுத்து, இலக்கம், கோடு, சாய்கோடு தவிர வேறு எதுவும் கூடாது. எண்ணில் தமிழ் எழுத்து வைக்கும் ஆசை எனக்கும் இருந்தது, வேண்டாம்.

புதுச்சேரிக்கென்றே உள்ள ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் தப்பு. யூனியன் பிரதேசம்தானே என்று யூடிஜிஎஸ்டி (யூனியன் பிரதேச வரி) போட்டுவிடாதீர்கள். சொந்தச் சட்டமன்றம் உள்ள பிரதேசம் என்பதால் அங்கே எஸ்ஜிஎஸ்டிதான். உங்கள் மாநிலக் குறியீடு 34. விழுப்புரம், கடலூர் எல்லாம் சைக்கிள் தூரம், ஆனால் அது தமிழ்நாடு, குறியீடு 33, ஆகவே ஐஜிஎஸ்டி. புதுச்சேரியைச் சேர்ந்த மாஹே கேரளத்துக்குள்ளும் ஏனாம் ஆந்திரத்துக்குள்ளும் எங்கேயோ இருக்கின்றன, ஆனால் குறியீடு 34, ஆகவே சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். மாஹேக்காரர் ஆர்டர் படிவத்தில் கேரளம் என்று தேர்ந்தெடுக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. 673310 என்ற பின்கோடு வந்தால் ஒருமுறை பாருங்கள். ஏனாமுக்கு 533464. 2023 அக்டோபர் 1 முதல், பதிவு செய்யாத வாடிக்கையாளருக்கு விற்கும்போது பில்லில் பதிவான முகவரிதான் வரி எந்த மாநிலத்துக்கு என்பதைத் தீர்மானிக்கிறது; மாநிலப் பெயராவது கட்டாயம் இருக்க வேண்டும். சென்னையில் இருக்கும் மகள் பாண்டியில் இருக்கும் அம்மாவுக்குச் சேலை அனுப்பினால், பொருள் போய்ச் சேரும் முகவரிதான் கணக்கு என்று 2024 ஜூனில் சுற்றறிக்கையும் வந்துவிட்டது. ஆகவே வூகாமர்ஸ் வரி அமைப்பில் ‘டெலிவரி முகவரியை வைத்துக் கணக்கிடு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாநிலப் பெயர் தமிழில் இருந்தாலும் பக்கத்தில் குறியீட்டு எண் நிற்கட்டும்.

ரீயூனியனுக்கு வருகிறேன். அது பிரான்ஸின் பகுதிதான், யூரோதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்கு வெளியே இருக்கிறது. பாரிஸில் பொது விகிதம் 20 சதவீதம், ரீயூனியனில் 8.5 சதவீதம், அதோடு ஆக்ட்ருவா தெ மேர் என்று உள்ளூர் வரி தனி. 150 யூரோ வரையிலான பார்சல்களுக்கு ஐஓஎஸ்எஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியப் பதிவு எண் எடுத்து வரியை முன்கூட்டியே வசூலிக்கும் ஏற்பாடு பாரிஸுக்குப் பொருந்தும், ரீயூனியனுக்குப் பொருந்தாது. ஆகவே பில்லில் “வரி, சுங்கக் கட்டணம் பெறுபவர் பொறுப்பு” என்ற ஒரு வாசகத்தை, ஐஓஎஸ்எஸ் இல்லாத எல்லா வெளிநாட்டு ஆர்டருக்கும் காட்டுங்கள். அந்த வாசகம் மொழியைப் பார்த்து வரக்கூடாது, நாட்டைப் பார்த்து வர வேண்டும். பாண்டியிலேயே உட்கார்ந்து பிரெஞ்சுத் தளத்தில் ஆர்டர் போடுகிற ஆளும் உண்டு அல்லவா? மொழி வேறு, நாடு வேறு, நாணயம் வேறு. மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிற பிளகின் எதுவானாலும் ஒதுக்கிவிடுங்கள். யூரோவில் பணம் வாங்கினால் பில்லில் ரூபாய் மதிப்பையும் காட்டுங்கள். அதற்கு மாற்று விகிதம் சுங்கத்துறை அறிவிப்பது, கூகுளில் தேடினால் வருவது அல்ல.

இவ்வளவையும் விட நான் அடித்துச் சொல்ல விரும்புவது ஒன்று: பில்லை உருவான நொடியிலேயே உறைய வையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் கடையின் முகவரியை மாற்றினேன். அப்போது நான் வைத்திருந்த பிளகின் பில்லைக் கோப்பாகச் சேமிக்காது, யாராவது கேட்கும்போதெல்லாம் புதிதாக வரைந்து கொடுக்கும். ஒரே ராத்திரியில் இரண்டு வருடத்துப் பழைய பில்கள் எல்லாவற்றிலும் புது முகவரி ஏறிவிட்டது. வாடிக்கையாளர் கையில் இருப்பது ஒன்று, என் தளத்தில் இருப்பது ஒன்று. ஆடிட்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பன்மொழிக் கடையில் இந்த ஆபத்து மூன்று மடங்கு. பொருளின் பெயரை வூகாமர்ஸ் ஆர்டருக்குள் அப்போதே எழுதி வைத்துவிடுகிறது. ஆனால் நிறம், சைஸ் போன்றவற்றுக்குக் குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு, பெயரைக் காட்டும்போதுதான் தேடி எடுக்கிறது. ‘அரக்கு’ என்பதை நீங்கள் ‘மெரூன்’ என்று திருத்தினால் போன வருடத்து பில்லிலும் மெரூன் வந்துவிடும். தலைப்புகளின் மொழிபெயர்ப்பைத் திருத்தினாலும் அதே கதை. ஆகவே பில் உருவானதும் பிடிஎஃப்பைக் கோப்பாகச் சேமித்து, பிறகு எப்போது கேட்டாலும் அந்தக் கோப்பையே கொடுக்கும் அமைப்பு இருக்க வேண்டும். ‘எப்போதும் இப்போதைய அமைப்பைப் பயன்படுத்து’ என்ற மாதிரி ஒரு பெட்டி பிளகினில் இருந்தால் அதில் டிக் அடிக்காதீர்கள். அந்தக் கோப்புகளின் இன்னொரு பிரதி சர்வருக்கு வெளியேயும் இருக்கட்டும். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

பொருள் திரும்பி வந்தால் போடும் கிரெடிட் நோட்டும் பழைய பில்லின் மொழியிலேயே வர வேண்டும், பழைய பில் எண்ணையும் தேதியையும் சொல்ல வேண்டும். பலரும் பில்லை மட்டும் சோதித்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

தளத்தை மாற்றிய பிறகு ஐந்து பொய் ஆர்டர் போட்டுப் பாருங்கள்: கடலூருக்குத் தமிழில், மாஹேக்கு ஆங்கிலத்தில், பாரிஸுக்குப் பிரெஞ்சில், ரீயூனியனுக்குப் பிரெஞ்சில், புதுச்சேரிக்குள்ளேயே பிரெஞ்சில். ஐந்தையும் அட்மின் தமிழில் இருக்கும்போதே ‘முடிந்தது’ என்று அழுத்துங்கள். பிடிஎஃப்களைத் திறந்து, பிரிண்ட் எடுத்து, பிரெஞ்சு மட்டும் தெரிந்த ஒருவரிடமும், இணையமே பார்க்காத உங்கள் அம்மாவிடமும் கொடுங்கள். ஒரு நிபந்தனை: இந்தச் சோதனையைத் தளத்தின் நகலில் செய்யுங்கள். உண்மைத் தளத்தில் செய்தால் ஐந்து பில் எண்கள் வீணாகி, அந்த இடைவெளிக்கு ஆடிட்டரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.